மேக்கால தோண்டாதே

ஆனி பிறந்து பத்து நாள் ஆகிறது. மேற்கே மலை தெரியவில்லை, மேகம் மூடிக் கிடக்கு. குற்றாலத்தில் தண்ணி விழுது. வர்ற கார் எல்லாம் எங்க ஊர் வழியாத்தான் போகுது. ஊரே குளுகுளுன்னு இருக்கு. எங்க வீட்டுக்குள்ள மட்டும் மூணு நாளா ஒரு வழக்கு ஓடிக்கிட்டிருக்கு.

வழக்கு இதுதான். கிணத்துல இருந்து மேலத்தோட்டத்து எலுமிச்சைக்குப் புதுசா பிவிசி குழாய் பதிக்கணும். இப்போ இருக்கிற மண்வாய்க்கால்ல பாதித் தண்ணிய மண்ணே குடிச்சிடுது. குழாய் போற வழியில மூணு மாமரம் வரிசையா நிக்குது. மரத்துக்கு மேக்கால, தூரை ஒட்டினாப்புல தோண்டினா குழாய் நேரா போயிரும், செலவும் குறையும். பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த ஜேசிபி வேலை முடிஞ்சு சும்மா நிக்குது.

"எப்பா, ரெண்டு மணி நேரச் சோலி. வாடகையும் கொறைச்சுக்கிடுதேன்னு சொல்லுதாரு. இன்னைக்கே தோண்டிருவோம்" என்றான் மகன்.

"இப்ப வேண்டாம். புரட்டாசியில பாப்போம்" என்றேன்.

"குழாய் போடுததுக்கும் நாள் நட்சத்திரம் பாக்கணுமாப்பா?" என்று சிரித்தான்.

நாள் நட்சத்திரம் இல்லை. மேலே பூக்கிறதுக்கும் காய்க்கிறதுக்கும் ஒரு பருவம் இருக்கிற மாதிரி, கீழே வேருக்கும் ஒரு பருவம் இருக்கு. நான் அதை ஒரு மரத்தைப் பறிகொடுத்துத்தான் படிச்சேன். அப்போ அவனுக்கு எட்டு வயசு, ஞாபகம் இருக்காது. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். தோட்டம் வச்சிருக்கிற யாருக்காவது உதவும்.

2009-ம் வருஷம். இப்போ மோட்டார் ரூம் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாட்டு மாமரம் நின்னுச்சு. எங்க அய்யா சின்ன வயசுல கொட்டை போட்டு முளைக்க வச்ச மரம். பழம் ஒண்ணும் பிரமாதம் இல்லை, நாராத்தான் இருக்கும். ஆனா அந்தக் காய் இல்லாம எங்க ஆச்சி ஊறுகாய் போட்டதில்லை. மத்தியானம் வேலையாட்கள் சோத்துவாளியைத் திறக்கிறதும் அந்த நிழல்லதான்.

அந்த வருஷம் புது போர் போட்டோம். வைகாசிக் கடைசியில் போர்ல இருந்து தொட்டிக்குக் குழாய் கொண்டுபோகணும். மரத்துக்கு மேற்கே, தூர்ல இருந்து நாலடி தள்ளி, ரெண்டரை அடி ஆழத்துக்குத் தோண்டச் சொன்னேன். அய்யா கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தார்.

"ஏல, மேக்கால தோண்டாத. காத்து வரப்போவுது. தோண்டித்தான் ஆவணும்னா காத்து கழியட்டும்."

"அம்பது வருஷமா நிக்கிற மரம்யா. ரெண்டு வேரு போனா என்ன ஆவப்போவுது?"

அவர் அதுக்கு மேல பேசல. கைத்தண்டி வேர் நாலு வந்துச்சு. கோடாலி வச்சு வெட்டிப் போட்டுட்டு, குழாயைப் பதிச்சு, மண்ணை மூடியாச்சு. ஒரு மாசம் மரத்துல ஒரு மாத்தமும் இல்லை. இலை பச்சையா இருந்துச்சு. "பாத்தியளா, ஒண்ணும் ஆகல" என்று அய்யாகிட்ட ஒருநாள் சொல்லவும் செஞ்சேன். இன்னைக்கும் அந்த வார்த்தையை நினைச்சா கூச்சமா இருக்கு.

ஆடியில மூணு நாள் விடாம சாரல். மண்ணு நல்லா ஊறியிருந்துச்சு. நாலாம் நாள் ராத்திரி காத்து. மரம் விழுந்தா இடி மாதிரி சத்தம் வரும்னு நினைப்போம். அப்படி ஒண்ணும் வரல. வைக்கோல் படப்பு சரிஞ்ச மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். விடிஞ்சு போய்ப் பாத்தா கிழக்கே தலை வச்சுப் படுத்திருக்கு. அய்யா வந்தார். சுத்திப் பாத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லல. அரிவாளை எடுத்து ஆட்டுக்குக் குழை ஒடிக்க ஆரம்பிச்சுட்டார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மரம் மண்ணோட பேந்து மேற்குப் பக்கம் தூக்கி நின்னுச்சு. நான் அந்தக் குழிக்குள்ள இறங்கிப் பாத்தேன். எங்க தோட்டம் செவல். நாலடிக்குக் கீழே சரளை. ஆணிவேர் அந்தச் சரளையில முட்டி, அதுக்கு மேல இறங்க முடியாம வளைஞ்சு போயிருந்துச்சு. அப்போ மரத்தை நிப்பாட்டினது எது? பக்கவேர். அதுலயும் மேற்குப் பக்கத்து வேர்.

எங்க பக்கத்துக் காத்தைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுல மலைத்தொடர் ஒரு கணவாயா தாழ்ந்து கிடக்கு. தென்மேற்குப் பருவக்காத்து கேரளாவுல மழையை இறக்கிட்டு, அந்த வாசல் வழியா நெருக்கிக்கிட்டு வரும். தென்காசிக் கோயில் கோபுரவாசல்ல நின்னவங்களுக்கு அது தெரியும். கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காத்தாடி மரம்மரமா நிக்கிறதும் அதனாலதான். வைகாசியில ஆரம்பிச்சு ஆவணி முடிய, காத்து ஒரே திசையில இருந்து அடிக்கும். மேற்கே இருந்து கிழக்கே.

பந்தல்காலை ஒருபக்கம் காத்து தள்ளுதுன்னு வைங்க. எந்தப் பக்கத்துக் கயிறு அதைப் பிடிச்சு இழுத்து நிறுத்தும்? காத்து வர்ற பக்கத்துக் கயிறு. மரத்துக்கும் அதேதான். மேற்குப் பக்கத்து வேர் இழுத்துப் பிடிக்கும், கிழக்குப் பக்கத்து வேர் முட்டுக் கொடுக்கும். நான் அறுத்தது இழுத்துப் பிடிச்ச கயிறு நாலையும். அதுவும் காத்து வர்றதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி.

குழிக்குள்ள இன்னொண்ணையும் பாத்தேன். அதுதான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடல. கோடாலி வெட்டின வேர் முனை நாலுலயும், வெட்டுவாயைச் சுத்தி, கொத்துக்கொத்தா புது வேர் விட்டிருந்துச்சு. வெள்ளை வெளேர்னு, விரல் நீளத்துக்கு. மேலே ஒண்ணுமே நடக்காத மாதிரி நின்ன மரம், கீழே அந்த அம்பது நாளும் வேலை செஞ்சிக்கிட்டே இருந்திருக்கு. ஆனா அந்த வெள்ளை வேர் தண்ணி குடிக்கும், காத்தைத் தாங்காது. தாங்குற வேரா அது தடிக்கணும்னா வருஷக்கணக்கு ஆகும்.

அப்போதான் எனக்கு வேர் எப்ப வளருது, எப்ப நிக்குதுன்னு பாக்கணும்னு ஒரு வெறி வந்துச்சு. இங்கிலாந்துல ஈஸ்ட் மாலிங்னு ஒரு இடத்துல பழமர ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 1960-கள்ல அங்க மண்ணுக்கு அடியில பாதை மாதிரி அறை கட்டி, ரெண்டு பக்கமும் கண்ணாடிச் சுவர் வச்சு, ஆப்பிள் மரத்து வேர் வளர்றதை நேர்ல பாத்து எழுதினாங்க. அவங்க கண்டதுல முக்கியமானது இது: புதுசா வர்ற சல்லிவேர் வெள்ளையா இருக்கும், சில வாரத்துல பழுப்பாகிடும், அதுல நிறைய செத்தும் போகும். கிளை வேகமா வளரும்போதும், மரத்துல காய் நிறைய இருக்கும்போதும் புது வெள்ளை வேர் குறைஞ்சிடும்.

நம்மகிட்ட அறை கட்ட வசதி ஏது? பழைய சாமி படத்துல இருந்து கழட்டின கண்ணாடி ரெண்டு கிடந்துச்சு. மிச்சம் இருந்த மாமரம் ஒண்ணு, எலுமிச்சை ஒண்ணு, ரெண்டுக்கும் கிளை நிழல் முடியிற இடத்துல ஒன்றரை அடி ஆழத்துக்குச் சின்னக் குழி தோண்டினேன். மரத்துப் பக்கம் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சு, பின்னால சலிச்ச மண்ணை அணைச்சேன். சாய்வா இருந்தா கீழே போற வேர் கண்ணாடியில உரசிக்கிட்டே போகும். வெளிச்சம் படக்கூடாதுன்னு மேலே பலகை, அதுக்கு மேல சாக்கு. மாசம் ரெண்டு தடவை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், சாக்கைத் தூக்கிப் பாப்பேன். "பொதையலா காக்குதிய?" என்று வீட்டுக்காரி கேலி செய்வாள். ரெண்டு வருஷம் பாத்தேன். எங்க மண்ணுல, எங்க தோட்டத்துல கண்டதை மட்டும் சொல்றேன்.

மாசி, பங்குனியில மேல் ஒரு அடி மண்ணு காய்ஞ்சு போகும். கண்ணாடியில ஒரு வெள்ளை வேர் கிடையாது. எல்லாம் பழுப்பு நூலாச் சுருங்கி ஒட்டிக்கிட்டிருக்கும். மாமரத்துல அப்போ பிஞ்சு இருக்கு. மரம் ஆழத்து வேரை வச்சும், தண்டுல சேத்து வச்சதை வச்சும் காலம் தள்ளுது. வேம்பும் புங்கனும் அந்த வெயில்லதான் புதுக் கொழுந்து விடுது. மேல்மண்ணுல ஈரமே இல்லாதப்ப எங்க இருந்து தண்ணி வருதுன்னு நாம கேக்கிறதே இல்லை. மழைக்காலத்துல கீழே இறங்கின தண்ணியை, ஆழத்து வேர் அப்போதான் மேலே ஏத்துது.

சித்திரையில ஒரு கோடை மழை விழுந்துச்சு. பத்து நாள் கழிச்சுப் பாத்தேன். செத்துடுச்சுன்னு நான் நினைச்ச பழுப்பு வேர்ல இருந்து அங்கங்க வெள்ளை முனை. ஆனா மழை அதோட நின்னுபோச்சு, முனையும் நின்னுபோச்சு.

மாங்காய் பறிச்சு முடிச்சு, ஆனி, ஆடிச் சாரல்ல மண்ணு நனைஞ்சதும்தான் அசல் வேலை. சாரல் ஆழத்துக்கு இறங்காது. பன்னீர் தெளிச்ச மாதிரிப் பெய்யுற மழை, மேல்மண்ணைத்தான் நனைக்கும். வேரும் மேல்மண்ணுலதான் ஓடுச்சு. முதல்ல மாமரம் மேலே செங்கொழுந்து விட்டுச்சு. அப்போ கீழே வேர் மந்தம். கொழுந்து முத்திக் கரும்பச்சை ஆனதுக்கு அப்புறம் பாத்தா, கண்ணாடி பூரா வெள்ளைக்கோடு. எலுமிச்சையில இது இன்னும் தெளிவாத் தெரிஞ்சுச்சு. மேலே துளிர் ஓடினா கீழே வேர் நிக்கும். மேலே நின்னா கீழே ஓடும். ஒரு வீட்டுல ஒரே வருமானத்தை வச்சு அண்ணன் கல்யாணத்தை முடிச்சிட்டுத்தானே தங்கச்சிக்கு நகை எடுப்போம், அந்தக் கணக்குதான். இலை பண்ற சோறு ஒண்ணு, அதை மாத்தி மாத்திப் பங்கு வைக்குது மரம். மா, எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாத்துக்கும் இந்த மாறிமாறி வளர்ற குணம் உண்டுன்னு ஆராய்ச்சிக்காரங்களும் சொல்றாங்க.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆழத்துக்கு இறங்குற மழை. அப்பவும் வெள்ளை வேர் இருந்துச்சு, கண்ணாடியோட அடிப்பக்கத்துல. தண்ணி கட்டி நின்ன ஒரு வாரம் மட்டும் வேர் முனை கறுத்துப் போச்சு. வேருக்குத் தண்ணி வேணும், மூச்சும் வேணும். மார்கழி, தையில மேல்மண்ணு மெல்லக் காய ஆரம்பிச்சதும் வேர் வேலையைக் குறைச்சுக்கிச்சு. மேலே மாம்பூ வந்துச்சு.

கண்ணாடி எல்லாம் வைக்க முடியாதுன்னா, ஆலமரத்துக்கு அடியில போய் நில்லுங்க. தோண்டாமலே பாக்கக்கூடிய வேர் அது. பங்குனியில விழுது முனை கறுத்துக் காய்ஞ்சு கிடக்கும். இதே ஆனி, ஆடியில பாத்தா முனை இளசா, வெளுப்பும் இளஞ்சிவப்புமா, தொட்டா ஒடியிற மாதிரி இருக்கும். காத்துல ஈரம் வந்துட்டதுன்னு விழுதுக்குத் தெரியுது. மேலே தொங்குற வேருக்கு என்ன நடக்குதோ, மேல்மண்ணுல கிடக்கிற சல்லிவேருக்கும் ஏறக்குறைய அதுதான் நடக்குது.

தென்னைக்காரங்களுக்கும் இதுல பாடம் உண்டு. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூர்ல இருந்து ஆயிரக்கணக்கில் வேர் விரல்தண்டிக்குக் கிளம்பிப் பக்கவாட்டுல ஓடும். வேர்வழியா டானிக் கட்டினவங்களுக்குத் தெரியும், பென்சில் பருமன்ல உயிருள்ள இளவேரைத் தேடிப் பிடிச்சு, சாய்வா வெட்டி, பாலித்தீன் பையில இருக்கிற 200 மில்லி மருந்துக்குள்ள விட்டுக் கட்டணும். பழுத்துக் கறுத்த வேர்ல கட்டினா பை அப்படியே கிடக்கும். கோடையில அந்த இளவேரைத் தேடுறதுக்கே அரைநாள் ஆகும். சாரல் நேரத்துல நாலு மம்பட்டி மண்ணு தள்ளினா கிடைச்சிடும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னைக்கு உரத்தை ஆனி, ஆடி ஒட்டி ஒருதரம், மார்கழி, தை ஒட்டி ஒருதரம்னு ரெண்டாப் பிரிச்சு, தூர்ல இருந்து ஆறடி வட்டத்துக்குள்ள போடச் சொல்லுது. மண்ணுல ஈரம் இருந்து, வேர் வாயைத் திறந்திருக்கிற நேரத்துல சோறு போடுறதுதானே நியாயம்.

அதே நேரத்துலதான் நாமளும் "ஈரம் இருக்கு, உழவு போட்டா களை போகும்"னு ரொட்டவேட்டரை மரத்து மூட்டு வரைக்கும் ஓட்டுறோம். மரம் அப்போதான் விட்ட சல்லிவேரை எல்லாம் அரைச்சு விட்டுட்டு, அடுத்த மாசம் "இலை மஞ்சளா இருக்கே, என்ன மருந்து அடிக்கலாம்"னு கடைக்குப் போறோம். நானும் போயிருக்கேன். இப்போ கிளை நிழலுக்குள்ள ரொட்டவேட்டர் போறதில்லை. களையை அறுத்து அங்கேயே மூடாக்காப் போட்டுடுறேன்.

வெட்டித்தான் ஆகணும்னா எப்ப வெட்டுறது? இதுக்கு அய்யா சொன்ன பதில்தான் என் பதிலும். காத்து கழிஞ்சப்புறம். புரட்டாசியில மேக்காத்து அடங்கியிருக்கும். ஐப்பசி மழை முன்னால நிக்கும். வெட்டுப்பட்ட முனையில புது வேர் விட ஈரமும் இருக்கு, அடுத்த காத்துக்கு எட்டு மாசம் அவகாசமும் இருக்கு. அதுக்காக தூரை ஒட்டித் தோண்டலாம்னு அர்த்தம் இல்லை. மழைக்காலத்திலும் புயல் வரும். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி கன்னியாகுமரிப் பக்கம் என்ன செஞ்சதுன்னு பாத்தோம். அடுத்த வருஷம் நவம்பர்ல கஜா தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்ச்சதையும் பாத்தோம். ஊறின மண்ணும் காத்தும் சேந்துட்டா முழு வேரோட நிக்கிற மரமே தடுமாறும். வெட்டின வேரோட நிக்கிற மரத்தைக் கேக்கவே வேண்டாம். அதனால பருவமும் பாக்கணும், தூரமும் பாக்கணும். உச்சிவெயில்ல கிளை நிழல் எதுவரைக்கும் விழுதோ, அதுக்கு வெளியே தோண்டுங்க. வேர் அதையும் தாண்டிப் போகும்தான், ஆனா அங்க இருக்கிறது மெல்லிசு வேர், போனாலும் மரம் மீட்டுக்கும். தடி வேர் குறுக்கே வந்தா வெட்டாம, அதுக்கு அடியில மண்ணை நோண்டி, குழாயை நுழைச்சு விடுங்க. மம்பட்டிக்காரர் அதைச் செய்வார். ஜேசிபி செய்யாது.

இதை எல்லாம் சொல்லி முடிச்சும் மகன் முகத்துல நம்பிக்கை வரல. "நீங்க சொல்லுதது சரிதான். ஆனா மேல பாத்தா மரம் சும்மாத்தானே நிக்கி" என்றான். 2009-ல் நான் பேசின அதே பேச்சு.

"வா" என்று நடு மாமரத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். தூர்ல இருந்து மேற்கே, ஜேசிபி தோண்டப்போற கோட்டுக்குப் பக்கத்துல, சருகை ஒதுக்கிட்டு, மம்பட்டி போடாம கையால மண்ணைக் கிளறச் சொன்னேன். ரெண்டு விரல்கடை கூடக் கிளறியிருக்க மாட்டான். ஈரமண்ணோட சேமியா மாதிரி வெள்ளை வேர் கையில வந்துச்சு. போன மாசம் அதே இடத்துல வெறும் புழுதி.

கொஞ்ச நேரம் அதைப் பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் எடுத்த மண்ணை அங்கேயே வச்சு, சருகை மூடி, மேலே தட்டி விட்டான். ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, இப்ப சோலி இல்ல. வேணும்னா கூப்பிடுதோம்" என்று சொல்லிட்டான்.

இப்போதைக்குத் தீர்ப்பு இது. சாரல் முடியுற வரைக்கும் எலுமிச்சைக்குத் தண்ணி பெரிசாத் தேவைப்படாது. குழாய்க்கு அவசரமும் இல்லை. புரட்டாசியில, மரத்துக்குக் கிழக்கே நிழலைத் தாண்டி, ஆள் வச்சுத் தோண்டப்போறோம். குழாய் நாப்பது அடி கூட வாங்கணும். கணக்குப் பாத்தா ஜேசிபியை விடச் செலவு அதிகம்தான். அந்தக் கணக்குல ஒரு மரத்தோட விலையை மகன் இந்தத் தடவை சேத்துக்கிட்டான். எனக்கு அது போதும்.

மோட்டார் ரூம் பக்கத்துல அய்யாவோட மரம் நின்ன இடம் இன்னும் வெறுமையாத்தான் கிடக்கு. மழை ஈரம் இருக்கும்போதே அங்க ஒரு நாட்டு மாங்கொட்டையைப் போடச் சொல்லியிருக்கேன். குழாய் அந்தப் பக்கம் போகாது.